ஏற்காட்டுக்குக் குதிரையோட போய் ராத்தங்க: எப்படிக் கட்டுறது?

அயோத்தியாப்பட்டணத்தான்: அந்தியூர் சந்தையில வாங்குன கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை, ஆறு வயசு. 20 கொண்டை ஊசி வளைவு ரோட்டுல பஸ் தொல்லை, அதனால குப்பனூர் வழியா ஏறி, தெரிஞ்சவங்க காப்பித் தோட்டத்துல ரெண்டு ராத்திரி கூடாரம் போடணும். போன தடவை மேட்டூர்ல காவிரிக் கரையில வேப்பமரத்துல நீளக் கயித்துல கட்டிட்டுத் தூங்கிட்டேன். விடிஞ்சு பார்த்தா பின்னங்கால் சிக்கி, குளம்புக்கு மேல தோல் உரிஞ்சு நிக்குது. பாவம், சத்தம்கூடப் போடல.

லாடக்காரர் பேரன்: நீளக் கயிறே வேண்டாம் தம்பி. ரெண்டு மரத்துக்கு நடுவுல, உங்க தலைக்கு மேல ஒரு கயித்தை விறைப்பா இழுத்துக் கட்டுங்க. அதுல இருந்து தொங்குற கயிறு, குனிஞ்சு புல்லு திங்குற அளவுக்கு மட்டும். அடிமரத்துல கட்டுனா பட்டையைக் கொறிச்சிடும். தோட்டத்துல நிழலுக்கு நிக்குற சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி வேற இருக்கும், தோட்டக்காரர் மறுபடி உள்ள விடமாட்டார்!

மலைக்காரி: அரளி வேலிப் பக்கம் கட்டிடாதீங்கண்ணா, கொஞ்சம் இலை போதும், உயிரே போயிடும். உண்ணிச்செடியும் ஆகாது. குதிரைக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் தண்ணியாவது வேணும், கோடையில ஓடையை நம்பாதீங்க.

அயோத்தியாப்பட்டணத்தான்: அரளியா! எங்க வாசல்லயே நிக்குதே. இன்னிக்கே வெட்டிடுறேன்.

மலைக்காரி: வெட்டுன கிளையையும் அங்கயே போடாதீங்க. காஞ்ச இலையும் விஷம்தான்.