ஒஹையோ ஸ்டேடியத்துக்கு மிச்சிகன் சட்டையோடு போகலாமா? (அப்பாவும் வருகிறார்)

ஆன்ஆர்பர்_புதுசு:

வணக்கம். நான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் வருடம். வந்த முதல் வருடமே இந்த அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம் பிடித்துவிட்டது, ஆனால் இதுவரை பார்த்ததெல்லாம் எங்கள் ஊர் ஆன் ஆர்பர் ஸ்டேடியத்தில்தான். இந்த நவம்பர் கடைசி சனிக்கிழமை ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம், அவர்கள் ஊரான கொலம்பஸில். லேபில் இருக்கும் சீனியர் ஒருவர் அந்த வாரம் ஊருக்குப் போகிறார், தன்னிடம் இருக்கும் இரண்டு டிக்கெட்டை வாங்கின விலைக்கே தருகிறேன் என்கிறார். அந்த விலையே அம்மாவிடம் சொல்ல முடியாத விலை, அது வேறு கதை.

சிக்கல் இரண்டு. ஒன்று, இடம் மிச்சிகன் ஆட்கள் உட்காரும் பகுதியில் இல்லை, முழுக்க ஒஹையோவின் சிவப்புச் சட்டைக்காரர்கள் நடுவில். இரண்டு, கூட வரப்போவது அப்பா. திருச்சியிலிருந்து வந்திருக்கிறார், 64 வயது, டிசம்பர் வரை இருப்பார். ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்றுதான் அவருக்குத் தெரியும். 2024ல் அங்கே ஆட்டம் முடிந்ததும் நடந்த அடிதடி வீடியோவை யாரோ எனக்கு அனுப்ப, அதை அவரும் பார்த்துவிட்டார். பயப்படுவார் என்று நினைத்தேன், "இதுக்குப் போலாமே" என்கிறார்.

மிச்சிகனின் மஞ்சளும் நீலமும் போட்டுக்கொண்டு அங்கே உட்காரலாமா, இல்லை சும்மா ஒரு கறுப்பு ஜாக்கெட்டில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு வரலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொலம்பஸ்_அக்கா:

தம்பி, நான் ஒஹையோ ஸ்டேட்டில் படித்தவள், இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். உங்கள் ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாராளமாகப் போட்டுக்கொண்டு வா. யாரும் அடிக்க மாட்டார்கள். கத்துவார்கள். கார் நிறுத்திய இடத்திலிருந்து கேட் வரை நடக்கிற அந்த இருபது நிமிடம் பத்தடிக்கு ஒருவர் உன்னைப் பார்த்து ஏதாவது சொல்வார், பாதி கெட்ட வார்த்தை, பாதி கிண்டல். நீ சிரித்துக்கொண்டே கையைக் காட்டிவிட்டுப் போனால் அங்கேயே முடிந்தது. திரும்பி நின்று பதில் சொன்னால் வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடுவார்கள், அதில் ஒருவன் காலை ஏழு மணியிலிருந்து குடித்துக்கொண்டிருப்பவனாக இருப்பான். அவனோடு என்ன பேச்சு?

அந்த வாரம் இங்கே ஊரே ஒரு மாதிரி இருக்கும். கேம்பஸ் பெயர்ப் பலகைகளில் எம் எழுத்து எங்கே இருந்தாலும் அதன் மேல் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம், "வடக்கே இருக்கிற அந்த டீம்", அவ்வளவுதான். நான் படிக்கும்போது எங்கள் கூட்டத்தில் மணி என்று ஒரு பையன், எம் எழுத்தை எடுத்துவிட்டு அந்த வாரம் முழுக்க அவனை "அணி" என்றே கூப்பிட்டோம். ரெஸ்யூமேயிலும் அப்படியே போட்டுக்கொள்ளவா என்று கேட்டான் பாவம்.

ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு என்றால் பதினொன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பேண்டு வருவதை அப்பா பார்க்க வேண்டும். முழுக்கப் பித்தளை வாத்தியமும் தாளமும்தான், புல்லாங்குழல் கிளாரினெட் எதுவும் கிடையாது. நடந்துகொண்டே மைதானத்தில் ஒஹையோ என்று கையெழுத்து மாதிரி எழுதுவார்கள், கடைசியில் அந்த ஐ எழுத்தின் மேல் புள்ளியாகப் போய் நிற்பது ஒரு சூசஃபோன்காரர், உடம்பைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் அந்தப் பெரிய குழல். நெஞ்சை நிமிர்த்தி நடந்து போய்த் தொப்பியைக் கழற்றிக் குனிவார் பார், எதிரியாக இருந்தாலும் கை தட்டத் தோன்றும். தட்டலாம், தப்பில்லை.

லேன்_அவென்யூ_பிழைத்தவன்:

நான் மிச்சிகன். 2022லும் 2024லும் கொலம்பஸ் போனேன், இரண்டிலும் ஜெயித்தோம், அதனால் என் அனுபவத்தைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே படியுங்கள்.

2022ல் நான் உட்கார்ந்ததும் உங்களை மாதிரிதான், நாலு பக்கமும் சிவப்பு. பக்கத்து சீட்டில் ஒரு தாத்தா, எழுபது தாண்டியிருக்கும். நான் குல்லாவைச் சரிசெய்தபோது அதிலிருந்த மஞ்சள் எம் எழுத்தைப் பார்த்தார், ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "முதல் தடவையா? குளிரும், காலுக்குக் கீழே இதைப் போட்டுக்கொள்" என்று பிட்சா டப்பா அட்டையைக் கிழித்துப் பாதியை என்னிடம் தந்தார். கான்கிரீட்டில் நாலு மணி நேரம் கால் வைத்திருந்தால் குளிர் ஷூவுக்குள் ஏறிவிடும், நடுவில் ஒரு அட்டை இருந்தால் ஏறாது. இதை எந்த வெப்சைட்டும் எனக்குச் சொல்லவில்லை.

இடைவேளையில் அவர்கள் 20, நாங்கள் 17. தாத்தா என் தோளில் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கடைசி குவார்ட்டரில் டோனவன் எட்வர்ட்ஸ் 75 கஜம் ஒரு ஓட்டம், அப்புறம் 85 கஜம் ஒரு ஓட்டம். 45-23. இரண்டாவது ஓட்டம் முடிவதற்குள்ளேயே எங்கள் வரிசை பாதி காலி. தாத்தா மட்டும் கடைசி வரை இருந்தார். போகும்போது கை கொடுத்துவிட்டு, "அட்டையைத் திருப்பிக் கொடு" என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகவே வாங்கிக்கொண்டு போனார்.

2024 வேறு ரகம். எங்கள் டீம் அந்த வருடம் சுமார், 6 வெற்றி 5 தோல்வியோடு போனோம், அவர்களோ நாட்டிலேயே இரண்டாவது இடம். நாங்கள் ஜெயிப்போம் என்று நாங்களே நம்பவில்லை. 45 விநாடி மீதி இருக்கும்போது டொமினிக் ஸவாடா ஒரு சின்ன ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) உதைத்தார், 13-10. முடிந்ததும் எங்கள் பையன்கள் மைதானத்தின் நடுவில் கொடியை நடப் போக, கைகலப்பு, போலீஸ் பெப்பர் ஸ்பிரே. மேலேயிருந்து பார்க்க ஒரு கொத்து உடம்பு அப்படியும் இப்படியும் ஆடுவது மட்டும்தான் தெரிந்தது, என்ன நடந்தது என்பதை ராத்திரி ஃபோனில்தான் முழுசாகப் பார்த்தேன். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது லீக்.

இங்கே ஒன்று கவனியுங்கள். அடிதடி மைதானத்துக்குள். பார்வையாளர் பக்கத்தில் என்னைச் சுற்றி இருந்தவர்களுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை, செத்த வீடு மாதிரி இருந்தது. அதனால் உங்கள் பயம் தப்பான நேரத்தில் இருக்கிறது என்பேன். உள்ளே போகும்போது பயப்படாதீர்கள். ஜெயித்துவிட்டு வெளியே வரும் முதல் அரை மணி நேரம்தான் ஜாக்கிரதை. அப்பாவை உட்கார வைத்து, கூட்டம் கலையட்டும் என்று இருந்துவிட்டு, ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பேசாமல் காருக்கு நடங்கள். பாரில் போய்க் கொண்டாட வேண்டாம். யு.எஸ். 23 ரோட்டைப் பிடித்தால் மூன்று மணி நேரத்தில் ஆன் ஆர்பர், எல்லை ஊரான டொலீடோ தாண்டினதும் ஹாரன் அடித்துக்கொள்ளுங்கள்.

கொலம்பஸ்_அக்கா:

@லேன்_அவென்யூ 2024 கதையை முழுசாகச் சொல்லுங்கள் சார். அந்த சீசன் தேசியக் கோப்பை எங்கள் கைக்குத்தானே வந்தது? 2025ல் உங்கள் ஊரிலேயே, பனி கொட்டுகிற மைதானத்தில், 27-9 என்று நாங்கள் ஜெயித்தோமே, அதற்கு நீங்கள் போகவில்லையோ?

லேன்_அவென்யூ_பிழைத்தவன்:

போனேன். அட்டை கொண்டுபோக மறந்துவிட்டேன்.

பேர்_வேண்டாம்_87:

டிவியில் பார்த்தால் பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கும். சொல்லிவிட்டேன்.

இரண்டு_பிள்ளை_அம்மா:

எல்லோரும் இனிப்பாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்புச் சொல்கிறேன். வேறொரு மாநிலம், வேறொரு ஸ்டேடியம், பெயர் வேண்டாம். நானும் கணவரும் எதிரணிச் சட்டையில் போனோம். மூன்றாவது குவார்ட்டரில் பின்வரிசையிலிருந்து ஒருவன் என் தலையில் பீரை ஊற்றினான். தவறிக் கொட்டியது இல்லை, ஊற்றினான். சட்டைக்குள் இறங்கியது, வெளியே உறைகிற குளிர். பக்கத்தில் இருந்த அதே ஊர்க்காரர்கள்தான் அவனைத் திட்டி, காவலாளியைக் கூப்பிட்டு வெளியே அனுப்ப வைத்தார்கள், ஒரு அம்மா தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார், எல்லாம் உண்மை. ஆனாலும் மீதி ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட முதுகைச் சாய்த்து உட்கார என்னால் முடியவில்லை.

அதனால்: நிறைய ஸ்டேடியங்களில் தகராறு என்றால் சொல்வதற்கு ஒரு எண் வைத்திருப்பார்கள், மெசேஜ் அனுப்பினால் போதும். உட்கார்ந்ததும் அதைத் தேடி ஃபோனில் சேமித்துக்கொள்ளுங்கள், பின்னாடி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்து ஹலோ சொல்லிவிடுங்கள். முகம் பார்த்துப் பேசினவர் தலையில் யாரும் அவ்வளவு சுலபமாக ஊற்ற மாட்டார்கள் என்பது என் கணக்கு. அப்பாவுக்கு மாற்று உடை ஒரு செட் காரில் இருக்கட்டும்.

சேப்பாக்கம்_எஃப்_ஸ்டாண்டு:

1999 டெஸ்டில் நம் ஆட்கள் 12 ரன்னில் தோற்றதும் பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கை தட்டினவர்கள் நாம். அதை எதிர்பார்த்துக்கொண்டு கொலம்பஸ் போகாதீர்கள், ஏமாற்றம்தான். இது பங்காளிச் சண்டை. ஃபுட்பாலுக்கு முன்னாடியே, 1835ல், டொலீடோ யாருக்கு என்று இந்த இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு படையைத் திரட்டிக்கொண்டு நின்ற வரப்புத் தகராறு அது. கடைசியில் டொலீடோ ஒஹையோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு வடக்கே ஒரு பெரிய காட்டைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அந்தக் காட்டில் அப்புறம் செம்பும் இரும்பும் கிடைத்தது, அது ஒஹையோக்காரர்களிடம் சொல்லக்கூடாத விஷயம்.

அப்பாவுக்கு ஆட்டத்தைப் புரியவைக்கக் காரில் போகும்போதே சொல்லிவிடுங்கள்: நாலு வாய்ப்பில் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு. இது போதும். கபடி பார்த்தவருக்கு மற்றதெல்லாம் பிடிபட்டுவிடும். என் மாமாவுக்கு நான் பெனால்ட்டி விதிகளிலிருந்து ஆரம்பித்தேன், தூங்கிவிட்டார்.

லேன்_அவென்யூ_பிழைத்தவன்:

விட்டுப்போனவை: டிக்கெட் ஃபோனில்தான், வீட்டிலேயே வாலெட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். ஒரு லட்சம் பேர் ஒரே இடத்தில் நின்றால் சிக்னல் வராது, கேட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பை என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான், அதற்கும் அளவு உண்டு, முதுகுப்பையைக் காரிலேயே வைத்துவிடுங்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் காரிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். அப்பாவுக்கு உள்ளே தெர்மல், இரண்டு ஜோடி சாக்ஸ், அப்புறம் அட்டை. 1950ல் இதே ஸ்டேடியத்தில் பனிப்புயலில் ஆடி, ஆட்டம் முழுக்க ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (அந்தப் பத்து கஜ முன்னேற்றம்) எடுக்காமல் 9-3 என்று ஜெயித்தவர்கள் நாங்கள். குளிர் எங்களுக்கு ராசி, அப்பாவுக்கு இல்லை.

ஆன்ஆர்பர்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட்டை வாங்கிவிட்டேன். பீர் கதையைப் படித்ததும் கொஞ்சம் தயங்கினேன், ஆனால் அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினதில் அவருக்குப் பிடித்தது அந்தத் தாத்தாதான். நேற்றே பிட்சா வாங்கச் சொன்னார், டப்பாவை மடித்து பீரோ மேல் வைத்திருக்கிறார். இன்னும் எத்தனையோ வாரம் இருக்கிறது.

புதுசாக ஒரு சிக்கல். அப்பாவுக்கு மஞ்சளில் நல்ல கம்பளிக் குல்லா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காது மூடவில்லையாம், வேண்டாம் என்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாவைத்தான் போடுவாராம். அது சிவப்பு. சிவப்பு என்றால் அசல் ஒஹையோ சிவப்பு.

கொலம்பஸ்_அக்கா:

அப்பா விவரமானவர். ஆட்டத்தன்று காலையில் நேராக எங்கள் டெயில்கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, காருக்குப் பின்னால் அடுப்பு வைத்து இட்லியும் சில்லியும் போடுகிறோம், சாம்பார் உண்டு. அவருக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். நீ வேண்டுமானால் நின்றுகொண்டு சாப்பிடு.