குதிரையும் வேனுமாக அந்தியூர்ப் பயணம்: வழியில் இரவு எங்கே தங்கலாம்?

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் முறப்பநாடு. வீட்டில் செம்பி என்று ஒரு செவலைப் பெண் குதிரை, காத்தியவார் இனம், பன்னிரண்டு வயது. காதை விடைத்தால் இரண்டு நுனியும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். வருகிற ஆடியில் அவளை அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். விற்பதற்கு அல்ல. அவள் இனத்திலேயே நல்ல ஜோடி பார்க்க வேண்டும். என் மகளும் அத்தனை குதிரைகளை ஒரே இடத்தில் பார்க்கட்டும்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கிவிட்டேன். செம்பி என் மச்சானின் லாரியில் வருவாள். எங்களுக்குக் குறையில்லை. கவலை எல்லாம் அவளைப் பற்றித்தான்.

போன ஆண்டு சாரல் நேரத்தில் குற்றாலம் போனோம். குதிரையோடு தங்கலாம் என்று சொல்லி முன்பணம் வாங்கிய ஒரு தங்குமிடத்தார், இரவு ஒன்பது மணிக்கு மற்ற விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மழையில் ஒரு மாந்தோப்பில் ஒதுங்கினோம். அங்கே வாளியில் தண்ணீர் வைத்தேன். செம்பி உதட்டை நனைத்தாள், தலையைத் தூக்கினாள், வாயோரம் வழிந்த தண்ணீர் கீழே சொட்டியது. அவ்வளவுதான். விடியும்வரை ஒரு வாய் குடிக்கவில்லை. காலையில் முன்காலால் தரையைப் பறித்தாள், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், படுத்துப் புரள ஆரம்பித்துவிட்டாள். கால்நடை மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, திரவப் பாரஃபின் எண்ணெய் செலுத்தியபிறகுதான் மதியம் லத்தி போட்டாள். அந்த ஆறு மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தியூர் இங்கிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். போகும்போது ஓர் இரவு, வரும்போது ஓர் இரவு வழியில் தங்க வேண்டும். எங்கே தங்கலாம், எப்படிக் கட்டலாம், தண்ணீருக்கு என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லாடம்:

தம்பி, நாங்கள் பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாகக் குதிரை வண்டி ஓட்டிய குடும்பம். உங்கள் செம்பிக்கு நோய் ஒன்றும் இல்லை. தாமிரபரணித் தண்ணீரிலேயே வளர்ந்தவள், வேறு தண்ணீரின் வாடை பிடிக்கவில்லை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது கீழேதான் போயாக வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது லிட்டர் குடிக்கிற உடம்பு ஒரு ராத்திரி குடிக்காமல் நின்றால் குடலில் தீவனம் இறுகிவிடும்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே வீட்டில் அவள் குடிக்கும் வாளியில் நெல்லிக்காய் அளவு கருப்பட்டியைக் கரைத்து வையுங்கள். உடன்குடிக் கருப்பட்டியாக இருந்தால் மணம் தூக்கலாக இருக்கும். அந்த ருசி பழகிவிட்டால் வழியில் எந்த ஊர்த் தண்ணீரிலும் அதே அளவு கரைத்து வைக்கலாம், வித்தியாசம் தெரியாது. வாளியும் வீட்டு வாளியாகவே இருக்கட்டும். பக்கத்திலேயே கருப்பட்டி போடாத தண்ணீரும் ஒரு வாளி வையுங்கள். பயண நாளில் கொள்ளு வேண்டாம், அருகம்புல்லை நனைத்துப் போடுங்கள்.

அடுத்து, லாரியில் தலையைத் தூக்கிக் கட்டாதீர்கள். பலரும் செய்கிற தவறு இது. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேர்ந்த தூசியும் சளியும் வெளியே வரும். பல மணி நேரம் தலை உயரத்திலேயே நின்றால் நுரையீரலில் காய்ச்சல் கண்டுவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, காலடியில் ஒரு கத்தை புல் போடுங்கள். அரைமணி நேரம் குனிந்து மேயட்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் கீழே இறக்க வேண்டாம். லாரித் தரையில் தென்னைநார்க் கழிவைக் கனமாகப் பரப்புங்கள், கால் வழுக்காது.

இரவில் முளையடித்துக் கட்டாதீர்கள். கயிறு பின்னங்காலில் சுற்றினால் தோல் உரிந்துவிடும். இரண்டு மரங்களுக்கு நடுவே, அவள் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மரப்பட்டை அறுபடாமல் சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கயிற்றின் நடுவிலிருந்து தலைக்கயிறு தொங்க வேண்டும். புல்லை எட்டும் அளவுக்கு நீளம் போதும், கால் சிக்கும் அளவுக்குத் தொய்வு கூடாது. நுனியைப் பிடித்து இழுத்தால் சட்டென்று அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

பெருமாள்புரம் பெண்:

அண்ணாச்சி சொன்ன அதே உயரக் கயிற்றைத்தான் இங்கே அமெரிக்காவிலும் கட்டுகிறார்கள். வாசிக்கும்போதே மகிழ்ச்சியாக இருந்தது. நான் இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். பண்டேரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹில் கன்ட்ரி என்ற அரசுக் காட்டுப்பகுதி இருக்கிறது, குதிரையோடு தங்குவதற்கென்றே அங்கே முகாம் இடங்கள் உண்டு. முன்பாதியில் மனிதர் படுக்கை, பின்பாதியில் குதிரை என்று நீளமான இழுவை வண்டிகளில் வருவார்கள். அங்கே மனிதருக்குக் குடிதண்ணீர் கிடையாது, நாமே கொண்டுபோக வேண்டும்.

அண்ணா, உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு. இங்குள்ள மாநிலப் பூங்காக்களில், பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள் இல்லாத குதிரையை உள்ளே விட மாட்டார்கள். நம் ஊரில் அஞ்ச வேண்டியது கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய், அது மனிதருக்கும் தொற்றும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். அந்தப் பரிசோதனையில் நாட்டுக்கே தலைமையிடம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம், இரத்த மாதிரி அங்கே போய்வர வேண்டியிருந்தால் நாள் பிடிக்கலாம். பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவர் சான்றும் லாரியில் இருக்க வேண்டும், 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன. சந்தையில் பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள், அயல் குதிரை அவள் மூக்கோடு மூக்கு உரசவும் விடாதீர்கள். மகள் ஆசையாக எல்லாக் குதிரையையும் தடவுவாள். செம்பியிடம் வருமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கரிசல் உழவன்:

கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் பூத்து நிற்பது அரளி. ஒரு கைப்பிடி இலை போதும், குதிரையின் இதயம் நின்றுவிடும். காய்ந்த இலையில் கசப்புக் குறைவு, நஞ்சு குறையாது. தெரியாமல் தின்றுவிடும். அதேபோல் எங்கள் பக்கத்து இளஞ்சோளத்தை யாராவது அன்பாக அறுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சீமைக்கருவேல நிழலில் நிறுத்தவும் வேண்டாம், முள் குளம்பில் ஏறும், நெற்றை அதிகம் தின்றால் குடலை அடைக்கும்.

பொருநைக்கரை:

அண்ணாச்சி, இன்று காலையே கருப்பட்டி கரைத்து வைத்தேன். முகர்ந்துவிட்டு விலகினாள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கால் வாளி குடித்தாள். பெருமாள்புரம் தங்கை சொன்ன பரிசோதனைக்குத் திங்கள்கிழமை போகிறேன். தங்க இடம்தான் இன்னும் அமையவில்லை.

தோட்டத்துக் கிணறு:

வேடசந்தூர் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. வேனும் லாரியும் தாராளமாகத் திரும்பும். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால், நின்று நின்று வந்தாலும் பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிடலாம். வாடகை எல்லாம் வேண்டாம்.

பொருநைக்கரை:

மனம் நிறைந்த நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன், கிணற்றுத் தண்ணீர் உப்பா?

தோட்டத்துக் கிணறு:

லேசான சவர் உண்டு, எங்கள் மாடுகள் குடிக்கின்றன. எதற்கும் முறப்பநாட்டுத் தண்ணீர் இரண்டு கேன் கொண்டுவாருங்கள், கலந்து வைப்போம். கோவில்பட்டிக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு வேலியைச் சுற்றி வந்தேன். மேற்கு மூலையில் இரண்டு அரளிச் செடி நின்றது. வேரோடு பிடுங்கி, உதிர்ந்த இலைகளையும் கூட்டி அள்ளி, குழிதோண்டிப் புதைத்துவிட்டேன்.