கோட்டா: வரம்பா, பங்கா?

அன்புடையீர்,

பன்னாட்டு வணிகப் பாடநூலில் துணி, ஆடை இறக்குமதிக் கட்டுப்பாடு பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை உடன்பாடு (Multi-Fibre Arrangement), பருத்தி, கம்பளி, செயற்கை இழைத் துணிகளை ஒரு நாட்டிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு இறக்கலாம் என்பதை இரு நாடுகளும் பேசி முடிவு செய்ய வழி வகுத்தது. பருத்திச் சட்டை இத்தனை டஜன் என்று வகைவாரியாகக் குறித்த அந்த அளவைத்தான் 'கோட்டா' என்கிறோம். நான் 'ஒதுக்கீடு' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவி, "ஒதுக்கீடு கிடைத்தால் நல்லதுதானே, ஏற்றுமதி நாடுகள் ஏன் எதிர்த்தன?" என்று கேட்டாள். விடை சொல்ல முடியவில்லை. தகுந்த சொல் வேண்டும்.

அம்மையீர்,

மாணவி கேட்டது சரி. இறக்குமதி நாடு போட்டது தடுப்பு. ஆகவே 'வரம்பு' என்க. வயல் வரப்பும் இச்சொல்லே. 'வரப்புயர நீர் உயரும்' என்ற ஔவை வாக்கை நினையுங்கள்: பொதுவாக ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக்குக் குறையாமல் உயர்த்த வேண்டும் என்று உடன்பாடே விதித்த ஓர் அளவுக்கு, உயர்த்தக்கூடிய வரப்பைவிடப் பொருத்தமான படிமம் ஏது? 'வரை' என்ற வேரோ இன்னும் வளமானது. கோடு, எல்லை, மலை என விரிந்து, அகத்திணையில் மணம் பேசி முடிக்கும் 'வரைவு' வரைக்கும் செல்கிறது; இரு தரப்பும் பேசி முடிப்பது இங்கும் உண்டல்லவா? பல்லிழையையும் திருத்துங்கள், இழை வேறு, நார் வேறு.

ஐயா,

நாரை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 'பல்நார்' என்றால் படிப்பவருக்குப் பல்தான் நினைவுக்கு வரும். 'வரம்பு' இறக்குமதித் துறைமுகத்தில் நிற்பவரின் சொல். ஏற்றுமதியாளர் பக்கம் வந்து பாருங்கள். ஹாங்காங்கில் கோட்டாவை ஒரு நிறுவனம் மற்றொன்றுக்கு விலைக்கு விற்றது. வரப்பை மட்டும் பெயர்த்து யாரும் விற்பதில்லை, விற்பது பங்கு. சென்ற ஆண்டு மீந்ததில் ஒரு பகுதியை இந்த ஆண்டில் சேர்க்கவும், அடுத்த ஆண்டுக்குரியதில் சிறிது முன்கூட்டியே எடுக்கவும் விதிகள் இடம் தந்தன. 'அடுத்த ஆண்டு வரம்பில் கடன் வாங்கினார்' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. 'பங்களவு' என்றால் நிற்கும். இலத்தீன் மூலத்துக்கும் 'எவ்வளவு பங்கு' என்றே பொருள். 1995 முதல் பத்தாண்டுகளில் நான்கு கட்டமாக இந்தக் கோட்டா முறை நீக்கப்பட்டது. விடுவிக்க வேண்டிய இறக்குமதி அளவில் 49 விழுக்காடு கடைசி நாளான 2005 சனவரி 1 வரை காத்திருந்தது. அந்நாளை எண்ணி வங்கதேசமும் இலங்கையும் அஞ்சின. வரம்பு நீங்குவதற்கு எவரும் அஞ்சுவாரா? தங்களுக்கென்று இருந்த பங்கு போய்விடுமே என்றுதான் அஞ்சினார்கள்.

அன்புடையீர்,

தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'பங்களவு' பக்கம் ஐவர், 'வரம்பு' பக்கம் இருவர். 'கோட்டா' என்றே விடுங்கள் என்பவர் ஒருவர். உள்ளே 'பங்களவு' என்றே எழுதுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் 'கோட்டா எனப்படும் பங்களவு' என்று வரும். மாணவியிடம் காட்டினேன். "இது தடை என்று எங்கே தெரிகிறது?" என்கிறாள். அதற்காக ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்.

அம்மையீர்,

அந்தக் கூடுதல் வாக்கியம் செய்யும் வேலையை 'வரம்பு' என்ற ஒரு சொல்லே செய்திருக்கும். சொல்லடைவில் அதையும் குறிக்க வேண்டுகிறேன்.