விமானத்தின் றிவெற் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) தலையைச் சுற்றிப் பெயின்ற் வெடித்தால் என்ன பார்க்க வேண்டும்?

கல்லடியிலிருந்து:
மட்டக்களப்பு திமிலைத்தீவு விமான ஓடுபாதையைச் சுற்றி வாவி, கிழக்கே கடல். அங்கே வெளியில் நிற்கும் சிறிய விமானத்தில் பெயின்ற் முதலில் விடுவது றிவெற் தலையைச் சுற்றித்தான். பறப்பில் தகடு நெளியும். றிவெற் அதே அளவுக்கு அசையாது. இடையில் பெயின்ற் இழுபட்டு இழுபட்டு மயிரிழை வட்டமாக வெடிக்கும். வெயில் பட்டு இறுகிப்போன பழைய பூச்சு இன்னும் சீக்கிரம் விடும். கறுப்புத் துணியால் தேய்க்கும்போது வெண்பொடி ஒட்டினால் அதன் காலம் முடிகிறது.

வட்டம் மட்டும் என்றால் பெரும்பாலும் பெயின்றோடு நின்றிருக்கும். தலையிலிருந்து காற்றுப் போகும் பக்கம் கறுப்பாக இழுத்திருந்தால் றிவெற் தளர்ந்து உரசுகிறது. ஒரு றிவெற்றிலிருந்து அடுத்ததற்குக் கோடு ஓடினால் தகட்டையே சந்தேகியுங்கள். பெயின்றை எடுத்து எடி கரன்ற் சோதனை (மின்சுழலால் தகட்டின் வெடிப்பைத் தேடுவது) செய்யாமல் பறக்க விடக்கூடாது.

காத்தான்குடியிலிருந்து:
கல்லடி அண்ணன் சொன்ன வெடிப்பு வட்டத்துக்குள்ளால்தான் உப்பு இறங்குகிறது. பிறகு பெயின்றுக்குக் கீழே நூல் நூலாக அரிப்பு ஊரும். அதற்குத் தோதான ஈரப்பதன் 65 முதல் 95 வீதம். மார்கழி மழையில் எங்கள் பக்கம் அதற்குக் குறைவில்லை. அரிப்புப் பொடி அலுமினியத்தைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் பூச்சைத் தூக்கி வெடிப்பை நீட்டும்.

தயவுசெய்து அதன்மேல் இன்னொரு பூச்சு அடிக்காதீர்கள். உப்பு உள்ளே பூட்டுப்படும். தடித்த பூச்சுத்தான் முதலில் வெடிக்கும்: பிரைமர் (அடிப்பூச்சு) 15–25 மைக்ரோன், மேல்பூச்சு 50–75 மைக்ரோன் போதும்.

கல்முனையிலிருந்து:
திருத்தும்போது அலுமினியம் ஒக்சைட் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, பழைய பூச்சின் ஓரத்தைச் சரிவாக்குங்கள். பழைய பிரைமரிலுள்ள குரோமேற் புற்றுநோய் தரும்; உலரத் தேய்க்கவே கூடாது, மாஸ்க் கட்டாயம். இரும்புத் தூரிகை பட்டால் துகள் பதிந்து அங்கேயே அரிப்புத் தொடங்கும். தேய்த்தபின் தகட்டின் தடிப்பு தயாரிப்பாளர் கைநூலின் எல்லைக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

நல்ல தண்ணீர் ஊற்றினால் 30 செக்கன் ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய்ப் பசை போகவில்லை. பிறகு கன்வேர்ஷன் கோற்றிங் (அலுமினியத்தில் அரிப்பைத் தடுக்கும் இரசாயனப் படலம்), எபொக்சி பிரைமர், பொலியூரிதேன் மேல்பூச்சு. தகட்டின் வெப்பநிலை பனிபடுநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விட 3 பாகையாவது கூட இருக்க வேண்டும். காலை ஈரத்தில் அடித்தால் பெயின்றை இறுக வைக்கும் ஹார்ட்னர் தண்ணீரோடு சேர்ந்து குமிழி விடும். வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில் மறுபக்கத் தொல்லை: மேல்தோல் உடனே காய்ந்து தின்னர் உள்ளே மாட்டுப்படும்.

காத்தான்குடியிலிருந்து:
கழுவும்போது பிரஷர் பைப்பை றிவெற் வரிசைக்கு நேரே பிடிக்க வேண்டாம். வெடிப்புக்குள் உப்புத்தண்ணீரை அதுவே தள்ளிவிடும். மெதுவான நல்ல தண்ணீர், சரிவாக.