நீர்நிலைச் செய்தி திரட்டுகிறவர்கள் அனுபவம்: எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

மடைக்காவல்

ஏரி, ஆறு, மணல், குவாரி, மழை என்று தினமும் காலையில் செய்தி திரட்டி ஊர்க் குழுக்களுக்கு அனுப்பும் தோழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வேலையில் எதிர்ப்படும் சிக்கலையும் அதற்குக் கண்ட வழியையும், உங்கள் புனைபெயரை மேலே போட்டு எழுதுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் கருத்துக் கேட்பு அறிவிப்பு, அதாவது சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் ஒரு திட்டம் பற்றி ஊர் மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்தின் அறிவிப்பு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-ன்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும். அது செய்திப் பக்கத்தில் வராது. டெண்டர், ஏல அறிவிப்புகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் கிடக்கும். சென்னைப் பதிப்பை மட்டும் புரட்டுகிறவர் கண்ணில் படாமலே போகலாம். மின்னிதழில் உங்கள் மாவட்டப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, விளம்பரப் பக்கங்களைத் தனியாகப் பாருங்கள்.

பகிரும்போது படத்தை மட்டும் அனுப்பினால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கும் அது எட்டாது. திட்டத்தின் பெயர், கிராமம், சர்வே எண்கள், பரப்பு, கூட்ட நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து போடுங்கள். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை எங்கே படிக்கக் கிடைக்கும் என்பதும் வேண்டும்: ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம். தமிழ்ச் சுருக்கம் அங்கே இருந்தாக வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம் என்பதை மறக்காமல் சேர்க்கவும்.

முதல் வரியில் ‘இன்னும் 22 நாள்’ என்று எண்ணிக்கை இருக்கட்டும். அதே செய்தி 15, 7, 2 நாள் மிச்சமிருக்கும்போதும் திரும்பப் போக வேண்டும். விளம்பரம் வந்த 25-ஆம் நாள் கண்டுபிடித்து அனுப்பினால், நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையைப் படிக்க ஊருக்கு ஐந்து நாள்தான் மிஞ்சும்.

சொல்வேட்டை

தேடலில் தவறவிடுவதுதான் அதிகம். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ‘கண்மாய்’ என்று கூகுள் அலர்ட் (கொடுத்த சொல் வரும் செய்திகளை மின்னஞ்சலில் அனுப்பும் சேவை) வைத்தால் ‘கண்மாயில்’, ‘கண்மாயை’, ‘கண்மாய்களில்’ பல நேரம் சிக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கைந்து வடிவங்களைத் தனித்தனி அலர்ட்டாக வையுங்கள். ஊருக்கு ஊர் சொல்லும் மாறும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்தில் கண்மாய், வடமாவட்டங்களில் ஏரி, நெல்லைப் பக்கம் குளம். தாங்கல், ஏந்தல், ஊருணி எல்லாம் தனித் தேடல். ஆங்கிலச் செய்தி இவை அத்தனையையும் ‘டேங்க்’ என்ற ஒரே சொல்லால் எழுதும். இயந்திர மொழிபெயர்ப்பு அதைத் தொட்டி என்று ஆக்கிவிடும், படிக்கிறவர் மேல்நிலைத் தொட்டி என்று நினைத்துக் கடந்துபோவார்.

பழைய அரசு பிடிஎஃப்கள் வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கும். தேடினாலும் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் குறிகளாக வரும். அந்த எழுத்துருவை யூனிகோடாக்கும் குறிமாற்றி இருந்தால் அதில் போட்டு மாற்றலாம். இல்லாவிட்டால் பக்கத்தைப் படமாக்கிக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக வரும். அதன் பிறகு எண்களை மூலப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சர்வே எண்ணின் உட்பிரிவில் ஓர் எழுத்து மாறினால் வேறொருவர் வயலைக் குற்றம் சாட்டியதாகிவிடும்.

கன அடி

அளவுகளைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். மழைக்காலத்தில் வீண் பீதி கிளம்புவதும், உண்மையான எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

‘அணையிலிருந்து 10,000 கன அடி திறப்பு’ என்று வந்தால் அது வினாடிக்கு 10,000 கன அடி. ‘வினாடிக்கு’ என்ற சொல் தலைப்பில் விழுந்துபோயிருக்கும், நீங்கள் சேர்த்து எழுதுங்கள். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் 1 டிஎம்சி. இந்த ஓர் எண்ணை மனதில் வைத்திருந்தால் ‘ஒரே நாளில் 20 டிஎம்சி திறப்பு’ என்று வரும் தகவலை உடனே சந்தேகிக்கலாம். வினாடிக்கு 2.3 லட்சம் கன அடி இடைவிடாமல் போயிருக்க வேண்டுமே.

நீர்மட்டமும் கொள்ளளவும் வேறு. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதற்காக 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று எழுதக்கூடாது. அணையின் நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகலமாவதால், 60 அடியில் பாதியைவிட வெகு குறைவாகவே இருக்கும். செம்பரம்பாக்கத்துக்கு முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது 364.5 கோடி. மில்லியனைக் கோடி என்று மாற்றி எழுதிவிட்டால் பத்து மடங்கு தவறு.

மழை அளவில் இன்னொரு சிக்கல். வானிலை ஆய்வு மையம் தரும் 24 மணி நேர மழை, அன்று காலை 8.30 மணியோடு முடிகிற அளவு. 3-ஆம் தேதிப் பட்டியலில் இருப்பதில் பெரும்பகுதி 2-ஆம் தேதி பெய்த மழை. ‘கனமழை’ என்பது 64.5 முதல் 115.5 மி.மீ. வரை, ‘மிக கனமழை’ 115.6 முதல் 204.4 வரை, அதற்கு மேல் ‘அதி கனமழை’. இந்த மூன்றும் வெறும் அடைமொழிகள் அல்ல, வரையறை உள்ள சொற்கள். மையம் ‘கனமழை’ என்றால் நீங்களும் அதையே எழுதுங்கள்.

அடுத்தது வீடியோ. 2015 டிசம்பர் சென்னை வெள்ளக் காட்சிகள் வடகிழக்குப் பருவமழை வந்தாலே புதுச் செய்தியாகத் திரும்பிவிடுகின்றன. வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கடைப் பலகை, பேருந்துத் தடம், வண்டி எண் தெரிகிற நான்கைந்து காட்சிகளைப் படமாக எடுத்து, படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐ (TinEye) தளத்திலும் தேடுங்கள். டின்ஐயில் ‘மிகப் பழையது’ என்று வரிசைப்படுத்த முடியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் நீக்கப்பட்டிருக்கும். களத்தில் இருப்பவரிடம் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் அந்த விவரங்கள் அப்படியே வரும்.

புலப்படம்

கன அடி தோழர் கடைசியாகச் சொன்னதில் ஓர் எச்சரிக்கை. டாக்குமென்ட் ஆக வந்த படத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே குழுவுக்கு அனுப்பாதீர்கள். இரவில் மணல் அள்ளுவதை வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எடுத்திருந்தால், அந்தக் கோப்புக்குள் அவர் வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கும். படத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து, அதைச் சாதாரணப் படமாக அனுப்பினால் போதும். படம் எடுத்த கோணத்திலேயே வீடு தெரியும் என்றால் அந்தப் படமே வேண்டாம். ஒரு செய்தியைவிடத் தகவல் தந்தவரின் உயிர் பெரிது.

நில விவரமும் அப்படித்தான். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து, நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் அ-பதிவேட்டைப் பார்க்கலாம். அது நீர்நிலைப் புறம்போக்கா என்பதுதான் நமக்குத் தேவை. பட்டாதாரர் பெயர் தெரியும் பகுதியைப் பகிர வேண்டாம். ஆக்கிரமிப்பு என்று தீர்மானிப்பது நம் வேலையும் அல்ல. ‘பதிவேட்டில் இவ்வாறு உள்ளது’ என்று எழுதி, பார்த்த தேதியையும் போடுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் செய்தியில் வந்திருந்தாலும் நம் திரட்டில் வரக்கூடாது, சட்டமும் தடுக்கிறது.

ரிட் மனு

சுருக்கமாக. ‘நீதிமன்றம் உத்தரவு’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அனுப்பாதீர்கள். விசாரணையில் நீதிபதி வாய்மொழியாகச் சொன்னது, இடைக்கால உத்தரவு, இறுதித் தீர்ப்பு மூன்றும் வேறு வேறு. வழக்கு எண்ணைத் தேடி உத்தரவைப் படியுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்றால் எண்ணோடு ‘எம்.டி.’ (MD) சேர்ந்திருக்கும். சுற்றுச்சூழல் அனுமதிக்கு எதிராகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அனுமதிக்கலாம். எனவே அனுமதி கிடைத்த செய்தியில் தேதி கட்டாயம்.

மூன்று நாளிதழில் வந்ததால் மூன்று ஆதாரம் என்று கொள்ளவும் முடியாது. ஒரே மேற்கோள், ஒரே எழுத்துப் பிழை இருந்தால் எல்லாம் ஒரே செய்தி முகமையிலிருந்து வந்தவை.

பனங்காடு

இறுதியாக்கும் முன் மக்கள் கருத்துக்காக அரசு வெளியிடும் வரைவு அறிவிக்கைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2020-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு மார்ச் 23 தேதியிட்டது, அரசிதழில் வந்தது ஏப்ரல் 11. கருத்துச் சொல்ல 60 நாள். ஊரடங்கு நேரம், ஆவணமோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். ஜூன் 30-இல் தில்லி உயர் நீதிமன்றம் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. திரட்டுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலைமுறை ஒன்று உண்டு: 60 நாளை அறிவிக்கையின் தேதியிலிருந்து எண்ணாமல், அரசிதழ் மக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். முழு ஆவணமும் தமிழாகட்டும் என்று காத்திருக்காமல், நம் ஊரைத் தொடும் நான்கைந்து பிரிவுகளை, பிரிவு எண்ணோடு, முதல் வாரமே தமிழில் கொடுத்துவிடுங்கள்.

மடைக்காவல்

நன்றி தோழர்களே. திருத்தம் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு திரட்டுக்கும் செய்திக்கும் எண் கொடுங்கள்: ‘திரட்டு 112, செய்தி 3’. வாட்ஸ்அப்பில் திருத்த 15 நிமிடம்தான். அதற்குள் மற்றவர்கள் பகிர்ந்த பிரதி மாறாது. ஆகவே அதே எண்ணோடு, ‘திருத்தம்’ என்று தொடங்கி, தவறு எது சரி எது என்று இரண்டையும் எழுதித் தனியாக அனுப்புங்கள்.

இணைப்புகள் செத்துப்போகும். இணையப் பக்கங்களின் பிரதியைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அன்றே பக்கத்தைச் சேமித்து அந்த இணைப்பையும் வையுங்கள். அரசு பிடிஎஃப்பை இறக்கி, ‘2024-11-03_செங்கல்பட்டு_ஏரி’ என்பதுபோல் ஆண்டு முன்னால் வரும்படி பெயரிட்டால் கோப்புகள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். நாளிதழின் முழு பிடிஎஃப்பைச் சுற்றுக்கு விடாதீர்கள், அது பதிப்புரிமை மீறல். நான்கு வரிச் சுருக்கமும் இணைப்பும் போதும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்பு, அந்த ஊராட்சி தொடர்பான செய்திகளை மட்டும் பிரித்தெடுத்து ஏ4 தாளில் ஒரே பக்கமாக, 14 புள்ளி எழுத்தில் அச்சடியுங்கள். வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களுக்கும் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களுக்கும் அது ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் கண்ணில் படும். தாளின் அடியில் மூலச் செய்தியின் நாளிதழ், பதிப்பு, தேதி, பக்க எண் இருக்கட்டும். சபையில் தீர்மானம் கேட்டு எழுந்து நிற்பவர் கையில் அது வேண்டும்.