புதுப்பிப்பு: ஹாப்ஸ் அறுவடை முடிந்தது

பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் கொடியை வீட்டில் வளர்க்கிறேன். அதன் கூம்புகளை (கூம்பு வடிவப் பூக்களை) எப்போது பறிப்பது, எப்படி உலர்த்துவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"நிறத்தை நம்பாமல் அமுக்கிப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பதமாகாத கூம்பு ஈரப்பதமாக இருக்கும், அமுக்கினால் அப்படியே நசுங்கிக் கிடக்கும். பதமானது காகிதம்போல் சரசரக்கும், விட்டதும் பழைய வடிவுக்கு வந்துவிடும். பிய்த்தால் உள்ளே அடர்மஞ்சள் லூபுலின் தூள் (கசப்பும் வாசனையும் இதில்தான்) விரலில் பிசுபிசுவென ஒட்டும், வாசம் ஆளைத் தூக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் பதமாகாததால் தவணை தவணையாகப் பறித்தேன்.

நிழலில், வலைச் சட்டத்தில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன். இதழ்கள் சீக்கிரமே காய்ந்து ஏமாற்றும். நடுக்காம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, படக்கென ஒடிந்தால் சரி. எடை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. பிறகு காற்றை வெளியேற்றிய பைகளில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: கொடியின் கொக்கி மயிர்கள் கீறி முழங்கை வரை தடித்துவிட்டது. முழுக்கைச் சட்டை கட்டாயம்.

அப்புறம், வீட்டு ஹாப்ஸில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் எவ்வளவு என்று தெரியாது. அதனால் பீர் காய்ச்சும்போது கசப்புக்குக் கடையில் வாங்கியதைப் போட்டு, இதைக் கொதியின் கடைசி 5 நிமிடத்தில் வாசனைக்காக மட்டும் சேர்த்தேன். பச்சையாகவே போடுபவர்களுக்கு உலர்ந்த எடையைப்போல் சுமார் 5 மடங்கு தேவைப்படும்.