ஓ.டி.டி.ஆர். சுத்தம், பிழை மட்டும் நிற்கவில்லை: தளவிளைவு படுத்திய பாடு

400 கிலோமீட்டர் பழைய ஒளியிழைக் கேபிள். வினாடிக்கு 2.5 ஜிகாபிட்டைப் பல ஆண்டுகள் முணுமுணுக்காமல் சுமந்தது. 10 ஜிகாபிட்டுக்கு மாற்றிய வாரத்திலிருந்து காலை ஏழரைக்கும் வெயில் இறங்கும் நேரத்திலும் பிட் பிழைகள் கொட்டும். சற்று நேரத்தில் தானே அடங்கும். இழையில் ஒளித்துடிப்பு அனுப்பி, திரும்பிவரும் ஒளியை வைத்து முறிவையும் இழப்பையும் காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியின் வரைபடத்தில் ஒரு குறையும் இல்லை. வந்துசேரும் ஒளியின் அளவும் அசையவில்லை. கார்டை மாற்றினோம், கனெக்டர்களைத் துடைத்தோம், ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டோம்.

கடைசியில், வந்துசேரும் ஒளியில் சிறு பங்கைப் பிரித்து தளவிளைவை, அதாவது ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அளக்கும் ஒரு போலாரிமீட்டருக்குக் கொடுத்து, பத்து நாள் ஓடவிட்டேன். திரையில் போன்கரே கோளம்: தளவிளைவு நிலையை ஒரு புள்ளியாகக் காட்டும் உருண்டை. இரவெல்லாம் ஈ உட்கார்ந்ததுபோல் ஒரே இடத்தில் இருந்த புள்ளி, ஏழரைக்குக் கிளம்பிக் கோளத்தின்மேல் நூல் சுற்றத் தொடங்கியது. பாதையில் ஒரே இடத்தில்தான் கேபிள் மண்ணுக்கு வெளியே வருகிறது: ஒரு பாலத்தின் ஓரம், இரும்புக் குழாய்க்குள். வெயில் அதில் விழும் நேரமும் ஏழரைதான். மண்ணுக்குள் கிடந்த மற்ற நீளமெல்லாம் அசையாமல் இருக்க, அந்த இருநூறு மீட்டர் மட்டும் கதவின் கீல்போல ஒளியின் தளத்தைத் திருப்பியிருக்கிறது.

அளந்தபோது பி.எம்.டி. (ஒளியின் இரு தளவிளைவுக் கூறுகள் வந்துசேரும் நேர வித்தியாசம்) சராசரி 12 பிக்கோ வினாடி. 10 ஜிகாபிட்டில் ஒரு பிட்டின் அகலமே 100. சராசரி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வம்புதான். 2.5-இல் அகலம் 400 என்பதால் உறைக்கவே இல்லை. அதே கேபிளில் வேறொரு இழை 3 காட்டியது. அதற்கு மாற்றினேன், பிழை நின்றது. சராசரியை மட்டும் நம்பாதீர்கள். இந்தத் தாமதம் மேக்ஸ்வெல் பரவல் என்ற புள்ளியியல் வடிவில் ஏறி இறங்கும். மூன்று மடங்கும் எப்போதாவது வந்து நிற்கும்.

---

நேரம் பார்த்து வரும் பிழை! கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள். எங்கள் இழை மின்கோபுரங்களின் உச்சியில், புவிக்கம்பிக்குள் போகிறது. 100 ஜிகாபிட், ஒளியலையின் கட்டத்தையும் தளவிளைவையும் சேர்த்துப் படிக்கும் கோஹெரன்ட் ரிசீவர். பி.எம்.டி.யை அதுவே கணக்கிட்டுச் சரிசெய்துவிடும். காற்றில் கம்பி ஆடுவதையும் பொருட்படுத்தாது. இருந்தும் மழைக்காலத்தில் மில்லி வினாடிக்கும் குறைவான அறுப்புகள். 15 நிமிடப் பதிவில் எஞ்சியது, பிழைதிருத்தியால் திருத்த முடியாத தரவுத் தொகுதிகளின் எண்ணிக்கை மட்டும்.

வேகமாகப் பதியும் கருவி வைத்த பிறகே புரிந்தது: மின்னல். கம்பியில் பாயும் மின்னோட்டத்தின் காந்தப்புலம் ஃபாரடே விளைவால் ஒளியின் தளத்தைத் திருகிவிடுகிறது. வினாடிக்குப் பல லட்சம் ரேடியன் வேகம். ரிசீவர் துரத்திப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வினாடிக்கொரு மாதிரி எடுக்கும் கண்காணிப்பு இதற்கு உதவவே உதவாது.

---

என் கதை சிறியது, வெட்கக்கேடானது. பிழை வந்த ஒவ்வொரு முறையும் அறையில் யாரோ இருந்தார்கள். நிறப்பிரிகையை (வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு வேகத்தில் போவதை) ஈடுசெய்யும் இழைச் சுருள் இருந்த பெட்டியின்மேல் கருவிப்பையை வைப்பது எங்கள் வழக்கம். விரலால் தட்டிப் பார்த்தேன். கோளத்தில் புள்ளி துள்ளியது.

---

முதலாமவருக்கு: அந்தப் பத்து நாள் பதிவை அழித்துவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் முதல் சிலியின் வால்பரைசோ வரை போகும் கியூரி கடலடி கேபிளில், வழக்கமான போக்குவரத்தின் தளவிளைவுப் பதிவிலிருந்தே நிலநடுக்கங்களைப் பிரித்தெடுத்தார்கள். 2021-இல் சயின்ஸ் இதழில் வந்தது. உங்கள் பாலத்தில் லாரி போவதுகூடத் தெரிய வேண்டும்.

---

அழிக்கவில்லை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோட்டில் நடுக்கம் குறைவு.